கவ்வாத்துக்குப் பின் வரும் துளிர்

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் சாலையோரத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒருநாள் சும்மா நின்று பாருங்கள். பள்ளத்தாக்கு இருக்கும் இடத்தில் பள்ளத்தாக்கு இருக்காது. வெள்ளை மூட்டம் ஒன்று கரைகட்டிய குளம்போல அசையாமல் கிடக்கும். கிழக்கே வானம் சற்று வெளுக்கும்போது அந்தக் குளத்தின் நடுவிலிருந்து முதலில் ஒரு சவுக்கு மரத்தின் நுனி, பிறகு கோயில் கோபுரம், அப்புறம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரம், அதன்மேல் கிளம்பும் அடுப்புப் புகை என்று ஒவ்வொன்றாக மேலே வரும். உலகத்தை இறைவன் ஒருமுறைதான் படைத்தான் என்று யார் சொன்னது? இந்த மலைநாட்டில் அவன் அதை நாள்தோறும் காலையில் மறுபடி படைக்கிறான். நாம் அந்த நேரத்தில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்து போய்விடுகிறோம்.

நானும் அப்படிப் போனவன்தான். நிற்கக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. அவள் நிற்பதில்லை, அந்தச் சாலையில் ஓடுகிறாள்.

அவள் ஓடுவதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தேயிலைச் செடியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் மலையில் இந்த முறை கவ்வாத்து நடந்தது. கவ்வாத்து வெட்டிய மலையை முதன்முதலாகப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், தீப்பிடித்ததோ, நோய் விழுந்ததோ என்று பதறிப்போவார்கள். முந்தின நாள்வரை பச்சைக் கம்பளமாகக் கிடந்த சரிவு, மறுநாள் எலும்புக்கூடுகளின் வரிசையாக நிற்கும். இலை இல்லை, கொழுந்து இல்லை. பாசி படிந்த மொட்டைக் குச்சிகள் கைவிரல்களை விரித்ததுபோல வானத்தைப் பார்த்திருக்கும். நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடந்தே ஆக வேண்டும். வெட்டாவிட்டால் செடி கைக்கு எட்டாத மரமாகும், கொழுந்து வளர்ச்சி நின்று பஞ்சியாகும். ஆனால் வெட்டும் நாளில் அது உயிர் பிழைக்குமா என்ற கேள்வியும் கூடவே நிற்கும்.

அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வெட்டத் தொடங்குமுன் சில வாரம் அந்த மலையில் கொழுந்து எடுக்காமல் விட்டுவிடுவார்கள். செடி ஆறட்டும், சேர்த்து வைக்கட்டும் என்பதற்காக. பிறகு ஒருநாள் பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே நறுக்கி, அதன் முகத்தில் அயடின் கரைசலைச் சொட்டுவார்கள். வேருக்குள் மாவு இருந்தால் அந்த வெள்ளை முகம் பார்த்திருக்கும்போதே நீலமாகி, பின் கருநீலமாக இருண்டுபோகும். சிறுவனாக அந்த நிறமாற்றத்தை அப்பாவின் முழங்கைக்கு அருகில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். "மாவு இருக்குடா. வெட்டலாம், பொழைச்சுக்கும்" என்பார். நிறம் மாறாவிட்டால் கத்தியை உறையில் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சநாள் காத்திருப்பார்கள்.

எவ்வளவு பெரிய ரகசியம் அது! வெயிலில் சமைத்ததையெல்லாம் செடி கொழுந்தாக நமக்குக் கொடுத்துவிடவில்லை. ஒரு பங்கை யாரும் பார்க்காத இருட்டில், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே, தன்னை என்றோ ஒருநாள் வெட்டப்போகும் கத்திக்காக அடக்கமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. வெட்டும்போதும் சில மலைகளில் ஓரமாக ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். புதுத் துளிர் வரும்வரை செடி அந்த ஒற்றைக் கிளையால் மூச்சு விடும். தேயிலை பற்றிய நூல்களில் அந்தக் கிளைக்கு நுரையீரல் என்றே பெயர்.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கூடையின் கயிறு அழுத்துவதால் வந்த நோவு என்றுதான் மாதக்கணக்காக நினைத்திருந்தாள். பிறகு மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பயணம், அறுவை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. இரவு பஸ்ஸில் ஹட்டனிலிருந்து இறங்கி, விடிவதற்குள் வைத்தியசாலை வாசலில் நின்று, மறுநாள் சுருண்டு படுத்தபடி மலை ஏறி வருவாள். அந்த நாட்களை நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. அவளுக்கு ஏற்றிய மருந்தின் நிறம் மட்டும் கண்ணில் நிற்கிறது. சிவப்பு. செம்பருத்தி இதழைக் கசக்கிப் பிழிந்ததுபோன்ற சிவப்பு.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதன் அருகே அள்ளிய மண்ணில், 1950களில், செந்நிறம் சுரக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் டொக்சோரூபிசின். பக்கத்திலிருக்கும் அட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு அட்ரியாமைசின் என்றும் பெயர். அந்த நுண்ணுயிரின் குலத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பெயர். கோடைக்குப் பிறகு முதல் மழைத்துளி விழும்போது எழும் மண்வாசனை இருக்கிறதே, நாம் கண்ணை மூடி மூச்சை இழுக்கும் அந்த வாசனை, அதைச் செய்வதும் இந்தக் குலம்தான். நம் காலடியில் மிதிபடும் மண்ணில் வாசனையும் இருந்திருக்கிறது, மருந்தும் இருந்திருக்கிறது. நாம் செருப்பைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கிறோம்.

பட்டிப்பூவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அதை நித்தியகல்யாணி என்பார்கள். ஆடு மாடு தொடாத, நட்டு வளர்க்காமலே சுடுகாட்டு ஓரத்தில் தானே முளைக்கும் ஊதா நிறப் பூ. 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பீரும் அதன் இலையை நீரிழிவுக்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. தேடியது கிடைக்காமல் போன அந்த இடத்திலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளில் முக்கியமான ஒன்று பிறந்தது. டன் கணக்கில் இலையைக் காய வைத்தால் சில கிராம் கிடைக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூலிழைகளால் ஒரு கதிர் கட்டி, தன் சொத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டு இழுக்கும். பட்டிப்பூவின் சாறு அந்த இழைகளைக் கட்டவிடாமல் செய்துவிடும். பிரிய வந்த செல் பிரிய முடியாமல் நின்றுவிடும். சுடுகாட்டில் பூக்கும் ஒரு பூவுக்கு இந்தக் கணக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

புற்றுநோயை நாம் வெளியிலிருந்து வந்த பகைவன் என்று பேசிப் பழகிவிட்டோம். அது நம்முடைய செல்தான். நமது உடம்பில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி செல்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் கருவுள்ள ஒவ்வொன்றின் நடுவிலும், நீட்டினால் இரண்டு மீற்றர் வரும் இழை, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் அந்த இழையின் அறுநூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளையும் முதலிலிருந்து கடைசிவரை படியெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஒரே செல்லின் இழையில் ஆயிரக்கணக்கில் பழுது விழுகிறது. கூடவே ஓடிவந்து தைக்கும் கைகளும் உள்ளே இருக்கின்றன. தைக்க முடியாத அளவு கிழிந்துபோனால் அந்தச் செல்லைப் பிரியாதே என்று நிறுத்தவும், ஊருக்காகச் செத்துப்போ என்று சொல்லவும் p53 என்ற காவல் புரதம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான செல்கள் அந்தச் சொல்லைக் கேட்டு, சத்தமில்லாமல் மடிந்து, பக்கத்துச் செல்லுக்கு உணவாகிவிடுகின்றன.

ஏன் சிலருக்கு நோய் வருகிறது என்று நாம் கேட்கிறோம். இத்தனை கோடிப் படியெடுப்பில், இத்தனை ஆண்டுகளாக, இத்தனை பேருக்கு வராமல் காத்தது எது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

ஊசிகளின் காலத்தில் அக்கா கவ்வாத்து வெட்டிய செடியாக இருந்தாள். வேறு உவமை எனக்குத் தெரியவில்லை. விரைந்து பிரியும் செல்களைத்தான் அந்த மருந்து குறிவைக்கும். அதனால் நோயோடு சேர்ந்து முடியின் வேரும், குடலின் உள்தோலும், எலும்பு மச்சையும் அடிவாங்கும். புருவம்கூட உதிர்ந்துபோன முகத்தோடு வாசல்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் எலும்புக்குள்ளே, இருட்டில், சேர்த்துவைத்த மாவுபோல சில தாய்ச் செல்கள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. தூங்குகிற செல்லை அந்த மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அவை விழித்து, மறுபடி இரத்தம் செய்தன. நல்ல உடம்பில் ஒரு நொடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இந்த வரியை நீங்கள் வாசித்து முடிக்கும் நேரத்தில் ஓர் ஊரின் சனத்தொகையைப்போலப் பல மடங்கு உங்கள் எலும்புகளுக்குள் பிறந்து ஆற்றில் இறங்கிவிட்டது.

கடைசி ஊசி முடிந்து ஆறாவது வாரம், அவள் தலையில் பஞ்சு ஒட்டினதுபோல ஏதோ தெரிந்தது. குழந்தையின் முதல் முடி. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நடக்கச் சொன்னார் டொக்டர். நடந்தாள். முதலில் லயத்துக் குழாயடி வரை, பிறகு மாரியம்மன் கோயில் வரை, பிறகு சாலைக்கு. எப்போது நடை ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. ஆயுள் முழுவதும் இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து சரிவேறிய கால்கள். சுமை இல்லாமல் ஒருநாள் சமதரையில் விட்டதும் தாமாகவே ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த உயரத்தில் ஓடுவது எளிதல்ல. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,271 மீற்றர், நுவரெலியா 1,868. கொழும்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு நுவரெலியாவில் குறைவு. ஆனால் அந்தக் குறையை உடம்பு அறியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சிறு தூதுவன் நிமிடந்தோறும் பிறக்கிறான். ஒட்சிசன் போதுமான அளவு இருந்தால் பிறந்தவுடனே அழிக்கப்படுகிறான். மூச்சு குறைந்தால்தான் அவன் பிழைத்து உள்ளே போய்ச் செய்தி சொல்வான். சிறுநீரகம் அதைக் கேட்டு எலும்பு மச்சைக்கு ஓலை அனுப்பும்: இன்னும் சிவப்பணு வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டு சொன்னதற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுக்கட்டியும் இதே தூதுவனை ஏமாற்றித் தனக்கு இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது என்பதை அதன்பிறகு படித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். ஒரே வாசல் வழியாகத்தான் உயிரும் வருகிறது, நோயும் வருகிறது. அக்கா அந்த வாசலை உயிரின் பக்கமாகத் திறந்து ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"மூச்சு வாங்குதா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாங்கட்டும் தம்பி. இத்தனை நாள் கடனா வாங்குன மூச்சு. இப்பதான் சொந்தமா வாங்குறேன்."

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதை ஐந்து மணி நேரத்தில் கடக்கும் ஒருவரின் இதயம் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் சுருங்கி விரியும். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் வில்லாக வளைந்து நிமிரும். ஒருநாள் அதைச் செய்து முடிப்பதே தவம். 1980இல் கனடாவில் டெரி ஃபொக்ஸ் என்ற இளைஞர் அதை ஏறத்தாழ நாள்தோறும் செய்தார். பதினெட்டு வயதில், 1977 மார்ச்சில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டியெடுத்திருந்தார்கள். சிகிச்சைக் காலத்தில் வார்டில் கண்ட குழந்தைகளின் முகங்கள் அவரை விடவில்லை. செயற்கைக் காலைப் பூட்டிக்கொண்டு 1980 ஏப்ரல் 12ஆம் திகதி அத்லாந்திக் கடலில் அந்தக் காலை நனைத்துப் புறப்பட்டார். ஒரு கால் தாண்டி, மறு கால் இழுத்து, இடையில் ஒரு சிறு துள்ளல். அந்த மூன்று தாளத்தில் 143 நாள், 5,373 கிலோமீற்றர். செப்டம்பர் 1ஆம் திகதி தண்டர் பே நகருக்கு அருகே இருமல் தாங்காமல் நின்றார். நோய் நுரையீரலுக்கு வந்திருந்தது. மறு ஆண்டு ஜூன் 28ஆம் திகதி, இருபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், கண்ணை மூடினார்.

அவர் நாட்டின் மறுகரைக் கடலைச் சேரவில்லை. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடாவில் ஆளுக்கு ஒரு டொலர் என்று அவர் கேட்ட கணக்கு, அவர் உயிரோடிருக்கும்போதே, 1981 பெப்ரவரியில் நிறைந்துவிட்டது: இரண்டு கோடியே நாற்பத்தொரு இலட்சத்துக்கும் மேல். அன்றிலிருந்து அவர் பெயரால் நடக்கும் ஓட்டங்கள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எண்பது கோடி டொலருக்கும் மேல் சேர்த்திருக்கின்றன. செப்டம்பர் மாதத்தில் ரொறன்ரோவின் பள்ளிக்கூடங்களில் ஓடும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் எத்தனையோ பேர்.

நம் தீவிலும் அந்த வேர் ஓடியிருக்கிறது. 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும், தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்புவதற்காக அந்த நடை. யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள்; தெற்கிலிருந்து மக்கள் வடக்கின் நோயாளிக்காக நடந்து வந்தார்கள். 2016இல் அதே தூரத்தை வடக்கிலிருந்து தெற்காக நடந்தார்கள், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. இந்த இரண்டு நடைகளையும் நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. புற்றுச் செல்லுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதை எதிர்த்து நடந்த கால்களும் அன்று மொழி பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டமும் நடையும் நிதிக்கு மட்டுமல்ல; உடற்பயிற்சி செய்பவருக்கும் அது மருந்தாகலாம் என்பது ஒரு புற்றுநோயிலாவது இப்போது சோதித்து நிறுவப்பட்டிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் முறையாக உடற்பயிற்சி பழக்கினார்கள்; பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வு. 2025இல் முடிவு வெளிவந்தது. எட்டு ஆண்டுகளின் முடிவில், பழகியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடிருந்தார்கள். மற்றப் பிரிவில் எண்பத்துமூன்று பேர். வித்தியாசம் ஏழு. நூறில் ஏழு என்பது காகிதத்தில் சிறிய எண். எங்கள் லயத்தில் இருபது காம்பராக்கள், நூறு பேர். அந்த ஏழு முகங்களை நான் எண்ணிப் பார்த்தேன்.

சிகிச்சைக்கு மஹரகமை போய்வர முடியாமல் பாதியில் விட்டவர்கள் எங்கள் மலைகளில் இருக்கிறார்கள். பஸ் காசு, போகும் நாளின் சம்பளம், துணைக்கு வருபவரின் சம்பளம். அதற்காகத்தான் அக்கா மரதன் தூரம் ஓடப்போகிறாள். முதலில் அவள் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில், வயதான பெண் ஒருத்தி படங்கை அவிழ்த்து உதறிக்கொண்டே, "எம் பேருல அரைப் பேரு போட்டுக்க" என்றாள். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் வெட்டப்படும் அரைப் பேருக்காக ஆயுளெல்லாம் வாயடைத்து நின்றவர்கள், அந்த அரைப் பேரைத் தாங்களாகவே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கொப்பியில் வரிசையாக எழுதியிருக்கிறாள்: அரைப் பேர், அரைப் பேர், ஒரு பேர், அரைப் பேர். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு அயடின் பட்டு நீலமான வேர்முகம்தான் ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலை அவளோடு நானும் போனேன். நான் சைக்கிளில், அவள் ஓட்டத்தில். திரும்பி வரும்போது கவ்வாத்து வெட்டிய மலைக்கு அருகில் நின்றாள். மூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. மொட்டைக் குச்சி ஒன்றின் பக்கத்தில் குனிந்து, கழுத்துத் துணியால் வியர்வையைத் துடைத்தபடி, எதையோ உற்றுப் பார்த்தாள். நானும் குனிந்தேன். பாசி படிந்த பட்டையைப் பிளந்துகொண்டு, கடுகளவுக்கும் சற்றே பெரிதான ஒரு துளிர். இலை என்று சொல்ல முடியாது. செம்மை கலந்த பச்சையில் நுனி கூராக, உடம்பெல்லாம் வெள்ளிப் பூனைமயிரோடு, மூடிய விரல்போல. அதன் நுனியில் ஒரு பனித்துளி. அந்தத் துளிக்குள் எதிர்மலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தொடவில்லை. இருபத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய கை அது. கிள்ளாமல் இருக்கவும் அதற்குத் தெரிந்திருந்தது. விரலை அருகில் கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"இதுல கொழுந்து எடுக்க இன்னும் ரெண்டு மாசமாகும்" என்றாள். பிறகு தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "வா தம்பி, கோயில் வரைக்கும் ஓடிட்டு வந்துடுறேன்" என்று சாலையில் இறங்கினாள்.